மூவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதுபோலக் கேட்டால்: ஆர்னெட் கோல்மன் டிரியோவின் ஸ்டாக்ஹோம் பதிவைக் கேட்கும் முறை

கேள்வி இது: "ஜாஸ் ஓரளவு கேட்பேன். ஆர்னெட் கோல்மன் டிரியோவின் 'அட் த கோல்டன் சர்க்கிள்' முதல் தொகுதியைப் போட்டேன். சாக்ஸஃபோன் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடுகிறது. பேஸ் இருப்பதே தெரியவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?"

பேஸ், அதாவது ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ், தெரியவில்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. இந்த டிரியோவில் பியானோ கிடையாது, கிதார் கிடையாது. சாக்ஸஃபோன் எந்தத் தரையில் நிற்கிறது என்று காதுக்குச் சொல்ல இருக்கிற ஒரே ஆள் பேஸ் வாசிப்பவர். அவர் காதில் விழாவிட்டால் மிஞ்சுவது ஒரு கூவலும் சிம்பல் இரைச்சலும்தான். அப்படிக் கேட்டால் யாருக்கும் ஆளுக்கொரு பக்கம் போவதாகத்தான் தோன்றும். அதனால் இசையைப் பற்றிப் பேசும் முன் நீங்கள் எதில் கேட்கிறீர்கள் என்பதைச் சரிசெய்துகொள்ளலாம்.

டபுள் பேஸின் நான்கு தந்திகளையும் அழுத்தாமல் மீட்டினால் கீழிருந்து மேலாக ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் வரும். கைபேசியின் சொந்த ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. மடிக்கணினி ஸ்பீக்கரும் பெரிய வித்தியாசம் இல்லை. மேல் ஒத்திசைச் சுரங்கள் கொஞ்சம் கசிவதால் ஏதோ முணுமுணுப்பு கேட்கும். விரல் தந்தியைச் சுண்டும் அந்த 'தும்' மட்டும் வராது. தாளம் அந்தத் 'தும்'மில்தான் இருக்கிறது. ஆகவே ஹெட்ஃபோன், அல்லது ஓரளவு பெரிய இரண்டு ஸ்பீக்கர். ஸ்பீக்கர் என்றால் அறையின் மூலையில் தள்ளி வைக்க வேண்டாம். மூலையில் கீழ்ச்சுரங்கள் ஊதிப் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேஸ் அதிகமாகக் கேட்கும், ஆனால் எந்தச் சுரம் என்று தெரியாது. உங்களுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே மூன்று பக்கமும் ஏறத்தாழ ஒரே தூரம் இருக்கும்படி உட்காருங்கள்.

செயலியில் அணைக்க வேண்டியவை சில உண்டு. ஷஃபிள் வேண்டாம். ஒரு பாட்டின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டும் கிராஸ்ஃபேடு வேண்டாம், அது கைதட்டலையும் முதல் சுரத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும். ஈக்வலைசரில் 'பேஸ் பூஸ்ட்' போட்டால் காணாமற்போன பேஸ் வந்துவிடும் என்று தோன்றும். வருவது டிரம்ஸின் உதைமுரசும் அறையின் முழக்கமும்தான். சத்தத்தை எல்லாப் பாட்டிலும் ஒரே மட்டமாக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். மலிவான ப்ளூடூத் இணைப்பில் முதலில் அடிபடுவது சிம்பல்: 'டிங்' என்று தொடங்கும் முனை மழுங்கி 'ஸ்ஸ்' என்று இழுக்கும். கம்பி ஹெட்ஃபோன் இருந்தால் அதையே எடுங்கள், விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

சத்தத்தின் அளவும் முக்கியம். குறைந்த சத்தத்தில் மனிதக் காது கீழ்ச்சுரங்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. சாக்ஸஃபோன் ஒலி விழும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். ரொம்பவும் மெதுவாக வைத்தால் மறுபடி சாக்ஸஃபோன் மட்டும் துருத்தும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால் எப்படி இருக்குமோ அந்த அளவு போதும். (80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைத் தாண்ட இந்த இசைக்கு எந்த அவசியமும் இல்லை.) சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: முதல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பேஸ் வாசித்த கடைசி இரண்டு மூன்று சுரங்களை வாயால் முனக முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் இசையைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

இனி பதிவு. ஸ்டாக்ஹோமின் 'கில்லனே சிர்கெல்ன்' (ஆங்கிலத்தில் 'கோல்டன் சர்க்கிள்') அரங்கில் 1965 டிசம்பர் தொடக்கத்தில் எடுத்தது. ப்ளூ நோட் நிறுவனம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. ஆல்டோ சாக்ஸஃபோன் கோல்மன், பேஸ் டேவிட் ஐஸன்ஸன், டிரம்ஸ் சார்ல்ஸ் மாஃபெட். இதே மூவர் 1962 டிசம்பரில் நியூயார்க் டவுன் ஹாலில் வாசித்திருக்கிறார்கள். அதன் பிறகு கோல்மன் இரண்டு ஆண்டுபோல மேடையை விட்டு விலகியிருந்து, 1965 ஜனவரியில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் திரும்பி வந்தார். வந்தபோது கையில் டிரம்பெட்டும் வயலினும் புதிதாகச் சேர்ந்திருந்தன. மாஃபெட் கோல்மனின் சொந்த ஊரான டெக்ஸஸ் ஃபோர்ட் வொர்த்தைச் சேர்ந்தவர், ஊரில் இருந்த காலத்திலிருந்தே இருவருக்கும் பழக்கம். அதாவது ஸ்டாக்ஹோம் மேடையில் நிற்பது அன்றைக்குக் கூடி என்ன வருகிறது பார்ப்போம் என்று ஆரம்பித்தவர்கள் அல்ல. அட்டைப்படத்தில் மூன்று பேரும் பனிக்குள் தொப்பியோடு நிற்பார்கள். குளிரும் அந்நியமுமான இசை என்று அந்தப் படம் பலரை ஏமாற்றியிருக்கிறது. உள்ளே இருப்பது நல்ல ஆட்டமுள்ள, சிரிப்புள்ள இசை.

இந்த வகை இசையை 'ஃப்ரீ ஜாஸ்' என்பார்கள். அந்த 'ஃப்ரீ' என்ற சொல் கிளப்பும் எதிர்பார்ப்பும் ஒரு தடை. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்டால் எதையும் தேட மாட்டீர்கள். இந்தப் பதிவில் அவிழ்த்தது முக்கியமாக ஒன்றைத்தான்: திரும்பத் திரும்பச் சுற்றிவரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசையை. வழக்கமான ஜாஸில் மெட்டு 12 பார் அல்லது 32 பார் (பார் என்பது ஒரு சிறு தாள அளவு) நீளம் இருக்கும், ஒவ்வொரு பாருக்கும் இன்ன கார்டு என்று விதி இருக்கும், சோலோ, அதாவது தனியாக விரித்து, வாசிப்பவர் அந்தச் சுற்றின் மேலேயே நடப்பார். கோல்மன் சுற்றை எடுத்துவிட்டார். மெட்டு இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அதை வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. காலில் தட்டக்கூடிய நடை பெரும்பாலும் இருக்கிறது. ஒரு மையச் சுரத்தைச் சுற்றி வரும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் எப்போது அதை விட்டு நகர்வது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புவது என்பதை அவரே அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார். பேஸ் அதைக் கேட்டு உடன் நகரலாம், நகராமல் முரணலாம். நீங்கள் கவனிக்க வேண்டிய விளையாட்டு அந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஆகவே 32 பார் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். சுற்று இல்லாத இடத்தில் சுற்றைத் தேடிச் சலிப்பதுதான் ஜாஸ் ஏற்கெனவே கேட்டவர்கள் செய்யும் முதல் தவறு. உங்களுக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

கர்நாடக இசைக் காது இருந்தால் ஒரு வசதி உண்டு, ஒரு இடறலும் உண்டு. கார்டு மாறுவதை எதிர்பார்க்கும் பழக்கம் இல்லாததால் கார்டு இல்லாதது குறையாகத் தெரியாது. ஒரு சிறு சொற்றொடரை எடுத்து நீட்டி, திருப்பி, மேலே ஏற்றி வளர்ப்பது பழகிய வேலை. இடறல் பக்கவாத்தியத்தில் வரும். கச்சேரியில் வயலின் பாடகரின் நிழலாகப் பின்னாலேயே வரும், மிருதங்கம் தனி வரும்வரை பாட்டைத் தாங்கும். ஐஸன்ஸனிடம் அந்த நிழலைத் தேடினால் கிடைக்காது. அவர் கோல்மன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை. கீழே தனியாக இன்னொரு வரி போடுகிறார். தம்பூரா மாதிரி மாறாத சுருதியும் இல்லை, தரையே நகரும்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். முழுத் தொகுதியையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதல் உருப்படியான 'ஃபேஸஸ் அண்ட் பிளேஸஸ்' மிக வேகம், 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். பலர் அதிலேயே களைத்து மூடிவிடுகிறார்கள். அதைத் தாண்டி 'யூரோப்பியன் எக்கோஸ்' எடுங்கள். எட்டு நிமிடத்துக்குள் முடியும். ஒரே உருப்படியை நான்கு தடவை கேட்கப் போகிறீர்கள், ஒரே நாளில் வேண்டியதில்லை. கையில் ஒரு தாளும் பேனாவும், கண்ணில் நிமிடக் கணக்கும் இருக்கட்டும்.

முதல் தடவை மெட்டு மட்டும். இரண்டிரண்டு சுரமாக, நடுவே இடம்விட்டு, குழந்தைகள் பாடுவதுபோல ஓர் எளிய மெட்டு. வால்ட்ஸ் நடை, ஒன்று-இரண்டு-மூன்று. அது முடிந்து சோலோ பிரியும் நொடியையும், கடைசியில் அது திரும்பும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் அந்த இரண்டு சுரச் சாயல் தலைகாட்டும் இடங்களுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் விழும். கோல்மன் ஒரு சிறு துண்டை எடுப்பார், அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பார், அதன் வாலிலிருந்து அடுத்த துண்டைக் கிளப்புவார். சங்கிலிபோலப் போகும் இந்தப் பழக்கம் பிடிபட்டுவிட்டால் 'கண்டபடி ஊதுகிறார்' என்ற எண்ணம் தானாகவே விலகும்.

இரண்டாம் தடவை பேஸ் மட்டும். சாக்ஸஃபோனைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அதைப் பின்தொடர்வதை நிறுத்தலாம். பேஸின் வரியை வாய்க்குள் முனகிக்கொண்டே வாருங்கள். அவர் ஒரே சுரத்தில் நிற்கும் இடம், படிப்படியாக நடக்கும் இடம், சட்டென மேலே தாவும் இடம் என்று மூன்று வகை தெரிந்தால் போதும். அவர் நிற்கும்போது மேலே கோல்மன் என்ன செய்கிறார் என்று அடுத்த தடவை பார்க்கலாம். பேஸ் கையை விட்டு நழுவினால் பத்து நொடி பின்னுக்குப் போங்கள், அதற்குத்தானே பதிவு.

மூன்றாம் தடவை மாஃபெட். அதிலும் முழு டிரம்ஸ் வேண்டாம், வலது கை விடாமல் தட்டும் 'ரைடு' சிம்பலும் காலடியில் மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டும் மட்டும். ஒன்று-இரண்டு-மூன்று என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் உங்கள் எண்ணிக்கை உதைக்கும். உதைத்தால் நிறுத்தி, அந்த நொடியைக் குறித்துவிட்டு, அங்கிருந்து நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள். அவருடைய ஸ்னேர் முரசின் அடிகள் தாளத்தைக் காட்டுவதற்காக விழுவதில்லை. பெரும்பாலும் கோல்மன் மூச்சு விடும் இடைவெளியில் பதிலாக விழும். அதையும் ஓரிரு இடத்தில் பிடிக்கலாம்.

நான்காம் தடவை தாளை வைத்துவிட்டுச் சும்மா கேளுங்கள். இப்போதும் ஒட்டவில்லை என்றால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றுமில்லை.

இதற்கு மேல் ஒரு நல்ல வழி இருக்கிறது. பிற்காலக் குறுந்தட்டுப் பதிப்பில் 'யூரோப்பியன் எக்கோஸ்', 'ஃபேஸஸ் அண்ட் பிளேஸஸ்' இரண்டுக்கும் அதே அரங்கில் எடுத்த மாற்று வடிவங்களையும் சேர்த்திருக்கிறார்கள். உருப்படிப் பட்டியலின் கடைப்பகுதியில் பாருங்கள். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது எழுதி வைத்தது, எது அன்றைக்குப் பிறந்தது என்பதற்கு விளக்கமே தேவைப்படாது: இரண்டிலும் ஒன்றாக இருப்பது மெட்டு, மற்றதெல்லாம் மேடை. ஃப்ரீ ஜாஸைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்த இருபது நிமிடச் சொச்சம் அதிகம் சொல்லித்தரும் என்பது என் கருத்து.

சுருதி பற்றி ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். கோல்மனின் சுரங்கள் சில கொஞ்சம் தூக்கலாகவும் சில கொஞ்சம் இறங்கியும் நிற்கும். பிசகா, வேண்டுமென்றா? அதே சொற்றொடர் திரும்ப வரும் இடத்தில் கவனியுங்கள். பிசகு என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிப் பிசகும். அவரிடம் ஏக்கமான இடத்தில் அதே சுரம் அதே பக்கம் வளையும். பியானோ இருந்திருந்தால் இந்த வளைவு அதன் நிலையான சுரங்களோடு மோதியிருக்கும். பியானோ இல்லாததன் ஒரு லாபம் இது.

அடுத்து 'டான்'. மெதுவான உருப்படி. இங்கே ஐஸன்ஸன் வில் எடுப்பார். வில்லை இழுத்து மேல்சுரங்களில் வாசிக்கும்போது அது பேஸ் என்றே தெரியாமல், யாரோ நான்காவது ஆள் வந்துவிட்டதாகக் காது குழம்பும். 'பேஸைக் காணோம்' என்று சொல்கிறவர்களில் சிலர் உண்மையில் பேஸைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வேறொன்று என்று நினைத்து. கீழே சுண்டும் ஒலி நின்றுபோய், மேலே இழுவை ஒலி ஒன்று கிளம்பினால் ஆள் இடம் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தொகுதியின் 'மார்னிங் சாங்'கும் இந்த வகைதான்.

இரண்டாம் தொகுதியின் முதல் உருப்படி 'ஸ்னோஃப்ளேக்ஸ் அண்ட் சன்ஷைன்'. ஆரம்பத்திலேயே அதைப் போட்டுவிடாதீர்கள். அதில் கோல்மன் ஆல்டோவைத் தொடுவதில்லை, வயலினும் டிரம்பெட்டும் மாறி மாறி வாசிக்கிறார். இடது கையில் வில், முறைப்படி கற்காத விரல்கள். மெட்டைவிட உரசலும் வேகமும்தான் அங்கே சரக்கு. வயலின் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பல் கூசும். அதை வயலினாகக் கேட்காமல் மாஃபெட்டோடு சேர்ந்த இன்னொரு தாளவாத்தியமாகக் கேட்டால் பொருந்தும். பிடிக்காமலும் போகலாம், அதிலும் தவறில்லை. எனக்கே முழுத் தொகுப்பில் கடைசியாக எடுக்கத் தோன்றும் உருப்படி அதுதான்.

சுற்று இல்லாத நிலை இன்னும் தலையைச் சுற்றினால் ஓர் அடி பின்வாங்குங்கள். சன்னி ராலின்ஸ் 1957 நவம்பர் 3 அன்று வில்லேஜ் வான்கார்டில் எடுத்த மேடைப்பதிவு இருக்கிறது. டெனர் சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ். பியானோ இல்லாத அதே அமைப்பு, ஆனால் 32 பார் சுற்று அப்படியே இருக்கும். 'சாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' பாட்டின் மெட்டைப் பேஸ் மேல் வைத்து எண்ணிக்கொண்டே போகலாம். பியானோ இல்லாத வெற்றிடத்துக்குக் காது அங்கே பழகிவிடும். பிறகு கோல்மனுக்குத் திரும்பினால் எடுத்தது எது என்பது தெளிவாகத் தெரியும்.

முன்னோக்கிப் போக வேண்டுமென்றால் ஆல்பர்ட் ஐலரின் 'பிராஃபஸி'. 1964 ஜூன் 14, நியூயார்க்கின் செல்லர் கஃபே. பேஸ் கேரி பீகாக், டிரம்ஸ் சன்னி மரே. இதில் மாஃபெட்டைக் கேட்ட முறை உதவாது. மரே நடையைத் தட்டிக் காட்டுவதே இல்லை. சிம்பல்களை இடைவிடாமல் அலைபோல எழுப்பிக்கொண்டே இருப்பார், எண்ண ஆரம்பித்தால் தோற்றுப்போவீர்கள். அலை எப்போது அடர்கிறது, எப்போது மெலிகிறது என்பதை ஐலரின் மூச்சோடு பொருத்திக் கேட்க வேண்டும். மெட்டுகள் ஆச்சரியமாகப் பாமரத்தனமானவை, அணிவகுப்புப் பாட்டும் தேவாலயப் பாட்டும் கலந்தமாதிரி. அது முடிந்த மறுநொடி டெனர் சாக்ஸஃபோன் பெரிய நடுக்கத்தோடு கத்தத் தொடங்கும். சிறிய அரங்கில் எளிய கருவிகளால் எடுத்த பதிவு, பீகாக்கின் பேஸ் மங்கலாகத்தான் இருக்கும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டாதீர்கள், சாக்ஸஃபோன் காதைக் கிழித்துவிடும். இதற்கு ஒரு மாதம்கூட ஆகாமல், ஜூலை 10 அன்று, அதே மூவர் ஸ்டுடியோவில் எடுத்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' இருக்கிறது. அரை மணி நேரம்தான், பேஸும் தெளிவு. 'கோஸ்ட்ஸ்' இரண்டு பதிவுகளிலும் உண்டு. முதலில் ஸ்டுடியோ வடிவத்தைக் கேட்டு மெட்டையும் பீகாக்கின் நடமாட்டத்தையும் மனதில் பதித்துக்கொண்டு, பிறகு மேடை வடிவத்துக்குப் போங்கள். மங்கலான இடங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதைக் காதே பாதி நிரப்பிக்கொள்ளும்.

பியானோ வாசிக்கும் செசில் டெய்லரின் 1962 நவம்பர் 23 கோபன்ஹேகன் கஃபே மான்மார்த்ர் பதிவை இவை இரண்டுக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம். பியானோ, ஜிம்மி லயன்ஸின் ஆல்டோ, மறுபடியும் சன்னி மரே. பேஸைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்ற இதுவரையான வழி இங்கே செல்லாது. டெய்லரின் இடது கையைத்தான் பிடிக்க வேண்டும். அந்த அரங்கத்துப் பியானோ சரியாகச் சுருதி கூட்டப்படாதது. அது உங்கள் ஹெட்ஃபோனின் கோளாறு அல்ல.